ஊசோனும் பாலந்தையும்: பெயரோடு பொருளும் இழந்த ஒரு கதை

பிறமொழி நூலொன்றைத் தமிழிற் பெயர்த்தெழுதுதல் புதுநூல் இயற்றுதலினும் எளிதென்று கருதுவார் பலர். கதையை ஒருவன் முன்னரே ஆக்கிவைத்திருக்கின்றான். அதனைச் சொல்லுக்குச் சொல் மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்பது அவர்தம் எண்ணம். உண்மை இதற்கு மாறானது. மூலநூலின் உயிர்நிலை எங்குள்ளதென்று அறியாது பெயர்ப்பவன், உடலை முழுதும் கொண்டுவந்து உயிரை மட்டும் கரையில் விட்டுவருகின்றான். நல்ல கருவொன்று பெயர்ப்பிலே பழுதுபட்டு மெலிதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. நமது திருகோணமலையிலேயே, ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கக் காலத்திலேயே, அத்தகைய நூலொன்று தோன்றியது. அதுவே எஸ். இன்னாசித்தம்பி அவர்கள் எழுதி 1891இல் வெளியான ‘ஊசோன் பாலந்தை கதை’.

தமிழ் நாவலின் வரலாற்றை முதலிற் சுருங்க நோக்குவோம். வேதநாயகம்பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1856இல், யாழ்ப்பாணத்தில் ‘காவலப்பன் கதை’ என்னும் சிறு மொழிபெயர்ப்பு நூல் அச்சேறியது. சித்திலெவ்வை அவர்களின் ‘அசன்பே சரித்திரம்’ 1885இல் வந்தது. அதன்பின் 1891இல் இன்னாசித்தம்பியின் நூலும், 1895இல் தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’யும் வெளிவந்தன. பின்னிரண்டு நூல்களையும் ஆக்கியோர் இருவரும் திருகோணமலையார். துறைமுகத்தாற் பெயர்பெற்ற சிற்றூரொன்று நான்கே ஆண்டுகளில் ஈழத்து நாவலுக்கு இரு முன்னோடிகளை அளித்ததென்பது நம்மூர் மாணவர் நெஞ்சிற் பதித்துக்கொள்ளத்தக்க செய்தி. ஆயினும், அவ்விரண்டினுள் ‘மோகனாங்கி’ தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பேரெடுத்து நிற்க, ‘ஊசோன் பாலந்தை கதை’ நூற்பட்டியல்களில் ஒரு வரியாக மட்டுமே பெரும்பாலும் வாழ்கின்றது. இவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது? கதை சிறிதென்பதாலா? அன்று. ஐரோப்பாவிலே நானூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சுவை குன்றாது வழங்கிவந்த பெருங்கதை அது.

அக்கதையின் வரலாற்றை அறிதல் ஈண்டு இன்றியமையாதது. நம் இலக்கிய வரலாற்று நூல்கள் இதனைப் போர்த்துக்கேய நெடுங்கதையொன்றின் தழுவல் என்று குறிப்பிடுவது வழக்கம். கதையின் வேர் பிரான்சு நாட்டில் உள்ளது. ‘வாலந்தீனும் ஓர்சனும்’ என்ற பெயரில் அது 1489இல் லியோன் நகரில் அச்சிடப்பட்டது. 1510ஆம் ஆண்டளவில் என்றி வாற்சன் என்பார் அதனை ஆங்கிலப்படுத்தினார். பிளெமிய ஓவியரான புரூகல் 1559இல் வரைந்த ஓவியமொன்றிலே தெருக்கூத்தாக இக்கதை நடிக்கப்படுங் காட்சி இடம்பெறுகின்றது. சாள்சு டிக்கின்சு 1843இல் எழுதிய கிறித்துமசுக் கதையிலும், சிறுவர் படித்து மகிழ்ந்த பழங்கதையாக இஃது நினைவுகூரப்படுகின்றது. இத்துணைப் பரவிய கதை கடல்வழியே கீழைநாடுகளுக்கும் வந்து சேர்ந்ததில் வியப்பொன்றுமில்லை.

மூலக்கதை இதுவே. கொன்சுதாந்திநோபிள் பேரரசன் அலெக்சாந்தரின் தேவி பெலிசாந்து. அவள் பிரான்சு மன்னன் பெப்பினின் உடன்பிறந்தாள். தீய எண்ணங் கொண்டு தன்னை அணுகிய சமயத் தலைவன் ஒருவனை அவள் கடிந்து விலக்க, அவன் அவள்மீதே பழிசுமத்துகின்றான். பழியை நம்பிய பேரரசன் கருவுற்றிருந்த தேவியை நாடுகடத்துகின்றான். தமையன் நாடு நோக்கிச் செல்லும் வழியிலே காட்டில் அவள் இரட்டை ஆண்மக்களை ஈன்றெடுக்கின்றாள். பெண்கரடியொன்று ஒரு குழவியைக் கவ்விச் செல்ல, தாய் அதன்பின் ஓடுகின்றாள். அவ்வேளை வேட்டைக்கு வந்த பெப்பின் மன்னன், மற்றைக் குழவியைத் தன் மருகன் என்றறியாமலே எடுத்து வளர்க்கின்றான். அரண்மனையில் வளர்ந்தவன் வாலந்தீன். கரடியின் பாலுண்டு அதன் குகையில் வளர்ந்தவன் ஓர்சன். ஆண்டுகள் பல கழிந்தபின், காட்டில் அலைந்து மக்களை அச்சுறுத்திய காட்டுமனிதனை அடக்கச் சென்ற வாலந்தீன், தன் உடன்பிறந்தானோடே பொருது அவனை வென்று, அரண்மனைக்கு அழைத்துவருகின்றான்.

கதையின் நடுநிலையம் இதற்குப் பின்னரே உள்ளது. பச்சை வீரன் என்பானொருவன் எவராலும் வெல்லப்படாதவனாய் இருக்கின்றான். அரசன் மகனாய்ப் பிறந்து, ஆனால் மகளிர் எவரிடத்தும் பாலுண்ணாதவனாய் உள்ளவனே அவனை வெல்லவல்லான் என்பது விதி. வாலந்தீன் அரசகுமாரன், ஆயினும் பெண்ணின் பாலுண்டு வளர்ந்தவன். ஆகவே, அவனால் இயலவில்லை. ஓர்சனே வெல்கின்றான். பின்னர், பேசுந் தன்மையுடைய வெண்கலத் தலையொன்று அவ்விருவரும் உடன்பிறந்தார் என்ற உண்மையை வெளியிட்டு, ஓர்சனின் நாவின் அடியிலுள்ள நரம்பை அறுத்துவிட்டாற் பேச்சு வருமென்றும் அறிவிக்கின்றது. அவ்வாறே செய்ய, அதுவரை ஊமையாயிருந்த காட்டுமனிதன் பேசத் தொடங்குகின்றான். தாயுந் தந்தையும் மக்களும் கூடுகின்றனர். பறக்கும் மரக்குதிரை, அரக்கன், குள்ள மாயவன் என்று அற்புதங்கள் பல இடையிடையே வந்தபோதிலும், கதையைத் தாங்கி நிற்கும் தூண் ஒன்றே. ஒருவயிற்றிற் பிறந்த இருவருள் ஒருவன் அரண்மனையிலும் ஒருவன் குகையிலும் வளர்ந்தால், மனிதனை ஆக்குவது பிறப்பா, வளர்ப்பா என்னும் வினாவே அது.

இவ்வினாவுக்குக் கதை தரும் விடை நுட்பமானது. பச்சை வீரனை வெல்லுதற்கு அரசபிறப்பு மட்டும் போதவில்லை. கரடியின் பாலும் வேண்டியிருந்தது. காட்டிற் பெற்ற வலிமையும் குலத்திற் பெற்ற உரிமையும் ஒருவனிடத்தே சேர்ந்தபோதே வெற்றி கிட்டியது. இழிவென்று கருதப்பட்ட வளர்ப்பே ஈற்றிற் பெருமையாய் முடிந்தது. இத்தகைய கருவொன்று 1891இல் தமிழ்நாவலாசிரியர் ஒருவரின் கைக்கு வந்தமை பெரும்பேறு. கிப்ளிங் ஓநாய்கள் வளர்த்த சிறுவனின் கதையை நூலாக்கியது 1894இலேதான். குரங்குகள் வளர்த்த தார்சானின் கதை 1912இலேதான் வந்தது. நம்மூர் ஆசிரியர் அவர்களுக்கு முந்தியவர்.

இக்கதை வேரூன்றத்தக்க நிலமும் தமிழில் ஆயத்தமாகவே இருந்தது. பழிச்சொல்லாற் காடேகிய தேவி அங்கே இரட்டையரை ஈன்றாள் என்றவுடன், சீதாபிராட்டியையும் இலவ குசரையும் நினையாத தமிழர் யார்? கருவுற்ற அரசி நகர்விட்டு நீங்கி வேற்றிடத்தில் மகனை ஈன்றதும், அம்மகன் பிறர்மனையில் வளர்ந்து பின்னர்த் தாயைக் கண்டதும் சீவகசிந்தாமணியின் கதையே. அரசி விசயை ஏறிப் பறந்த மயிற்பொறிக்கு முன் அயல்நாட்டார் மரக்குதிரை புதுமையன்று. பிறப்பா வளர்ப்பா என்ற வினாவோ, தேர்ப்பாகன் வீட்டில் வளர்ந்த கர்ணனோடு நம் திண்ணைகள்தோறும் பாரதப் படிப்பில் எழுப்பப்பட்டதே. சித்திலெவ்வை அவர்களின் கதைத்தலைவனும் பிறந்த மண்ணினின்றும் பிரிக்கப்பட்டு வேற்றிடத்தில் வளர்ந்தவனே. ஆகவே, தமிழ்வாசகரின் உள்ளம் இக்கதைக்குப் புதிதன்று. வாயில் திறந்தே இருந்தது. உள்ளே வந்த விருந்தாளி தன் பெயரைத் தெளிவாகச் சொல்லவேண்டியதே எஞ்சியிருந்தது.

அங்கேதான் பழுது நேர்ந்தது. ஓர்சன் என்பது வெறும் இடுகுறிப் பெயரன்று; காரணப்பெயர். கரடிக்குப் பிரான்சிய மொழியில் ‘ஊர்சு’ என்பது பெயர். போர்த்துக்கேயர் ‘ஊர்சு’ என்பதற்கு நெருங்கிய ஒலியோடு ‘உர்சோ’ என்பர். எனவே, அந்நாட்டார் செவியில் அப்பெயர் விழுந்தபோதெல்லாம் ‘கரடியின் பிள்ளை’ என்ற பொருளும் உடன்விழுந்தது. அவன் அரண்மனையிற் பட்டாடை உடுத்து நின்றபோதும், மணமகனாய் வீற்றிருந்தபோதும், அரசனாய் முடிசூடியபோதும் பெயர் குகையை நினைவூட்டிக்கொண்டே இருந்தது. கதையின் வினா முழுவதும் அவ்வொரு சொல்லில் அடங்கியிருந்தது. வாலந்தீன் என்ற பெயரோ இலத்தீன் மொழியில் வலிமையைக் குறிக்கும் சொல்லினின்றும் பிறந்தது. வலியவனும் கரடிமகனும் என்பதே தலைப்பின் பொருள்.

தமிழில் அவை ‘ஊசோன்’ என்றும் ‘பாலந்தை’ என்றும் ஆயின. முதற்கண் உள்ள ஊகாரம், இப்பெயர் ஆங்கில வாயிலாக வராது போர்த்துக்கேயர் ஒலிப்பின் வழியே வந்ததென்று கொள்ளற்கு இடந்தருகின்றது. ஆயினும், இடையிலுள்ள ரகரம் வழியில் உதிர்ந்தது. அதனோடு கரடியும் உதிர்ந்தது. ‘ஊசோன்’ என்பதை எத்தனைமுறை சொன்னாலும் தமிழ்ச்செவிக்கு அது கரடியைக் காட்டாது. ஊசிப்போன உணவை நினைப்பிக்குமேயன்றி, காட்டையும் குகையையும் நினைப்பியாது.

பாலந்தையின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்திலே, னகர ஈற்று இயற்பெயரின் முன் ‘தந்தை’ என்னும் முறைப்பெயர் வருங்காற் புணருமாறு விதிக்கப்பட்டுள்ளது. சாத்தன் என்பவனின் தந்தை சாத்தந்தை. கொற்றன் என்பவனின் தந்தை கொற்றந்தை. பிசிராந்தையார் பெயரிலுள்ள ஆந்தையும் ஆதன் தந்தை என்பதன் மரூஉவே. இவ்விதிப்படி நோக்கின் ‘பாலந்தை’ என்பது பாலன் என்பானின் தந்தை என்று பொருள்பட வேண்டும்! தந்தையை அறியாது வளர்ந்து, அவனைத் தேடிச்செல்லும் மகனுக்குத் தமிழிலக்கணம் ‘தந்தை’ என்று பெயர்சூட்டிவிட்டது. ஆசிரியர் கருதாத விளைவு இது. எனினும், கருதாதன நேர்வதே பெயர்ப்பின் இடர். மூலமொழியின் ஒலியை மட்டும் எடுத்துவருபவன், அவ்வொலி தன்மொழியில் வேறு என்ன சொல்லுமென்று கேட்டுப்பார்க்கத் தவறுகின்றான்.

இங்கே தடையொன்று எழலாம். அயற்சொல்லைத் தமிழொலிக்கேற்பத் திரித்து வழங்குதல் குற்றமாகுமா? வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் அமைத்துக்கொள்ளுமாறு தொல்காப்பியரே வழிவகுத்துள்ளாரன்றோ? கம்பர் விபீஷணனை வீடணன் என்றும், இலட்சுமணனை இலக்குவன் என்றும் வழங்கவில்லையா? நாமும் கதிரையில் அமர்ந்து, யன்னலைத் திறந்து, அலுமாரியிற் புத்தகம் எடுத்து, காலையிற் பாண் உண்டு, சப்பாத்து அணிந்து பாடசாலைக்குப் போகின்றோமே. இவையனைத்தும் போர்த்துக்கேயச் சொற்களின் திரிபல்லவா? ஆசிரியரின் பெயரிலுள்ள ‘இன்னாசி’யே இக்நேசியசு என்னும் புனிதர் பெயர் போர்த்துக்கேயர் வாயிலாகத் தமிழ்வடிவம் பெற்றதன்றோ?

உண்மையே. 1639இல் ஒல்லாந்தர் நமது கோட்டையைக் கைப்பற்றியதும், 1782இல் பிரான்சியர் வந்ததும், 1795இல் ஆங்கிலேயர் அமர்ந்ததும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்களை நம் நாவினின்றும் அகற்றவில்லை. துறைமுக மக்களின் மொழி அயலொலியைத் தன்வயமாக்குவதிற் கைதேர்ந்தது. ஆனால், அலுமாரிக்கும் ஓர்சனுக்கும் வேறுபாடுண்டு. அலுமாரி என்ற சொல்லின் மூலப்பொருளை நாம் அறியவேண்டியதில்லை. பொருள் நம் கண்முன் நிற்கின்றது. சொல்லைக் கேட்டவுடன் கை அதனைச் சுட்டிக்காட்டும். வீடணன் யாரென்று கம்பர் விளக்கவேண்டியதில்லை. கதையை நாடே அறியும். இன்னாசி என்ற பெயருடையார் நம் அயலில் வாழ்கின்றார். ஓர்சனுக்கோ இவ்வுதவிகள் ஒன்றுமில்லை. அவன் நூலுக்குள் மட்டுமே வாழ்பவன். அவன் பெயருக்குப் பொருளைத் தருவது நூலாசிரியரின் கடன். பொருள்களின் பெயரில் ஒலி போதும். கருத்துக்களின் பெயரில் ஒலி போதாது. இவ்வேறுபாட்டை அறிதலே பெயர்ப்புக்கலையின் அரிச்சுவடி.

இனி, இவ்விடர்ப்பாட்டைப் பிறர் எவ்வாறு கடந்தனர் என்று நோக்குவோம். இதே கதைக்கு இடைக்காலத்துச் செருமானிய வடிவமொன்று உண்டு. அதிலே குழவியை வளர்ப்பது கரடியன்று, பெண்ணோநாய். ஆகவே, கரடிமகன் என்ற பெயர் பொருந்தாது. அவ்வாசிரியர் என்செய்தார்? ‘பெயரில்லாதவன்’ என்பதையே அவனுக்குப் பெயராக்கிவிட்டார். மனிதர் எவரும் பெயரிட்டழைக்காத உயிர்க்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறுண்டோ? கிப்ளிங்கோ தாம் புனைந்த ‘மௌக்ளி’ என்னும் பெயருக்குத் தவளை என்பது பொருளென்று தாய் ஓநாயின் வாய்மொழியாலேயே சொல்லிவைத்தார். ஒருவர் பெயரை மாற்றினார். மற்றவர் பெயரைக் கதைக்குள்ளேயே விளக்கினார். இருவரும் வாசகனை இருளில் விடவில்லை.

நம்மவருள் இவ்வழியை மிகச் சிறப்பாகக் காட்டியவர் வீரமாமுனிவர். 1726இல் நிறைவுற்ற தேம்பாவணியிலே சூசையப்பருக்கு அவர் ‘வளன்’ என்று பெயரிட்டார். எபிரேய மொழியில் யோசேப்பு என்பது பெருகுதலைக் குறிப்பது. வளம் பெருகுதலே வளன். அருளைக் குறிக்கும் யோவான் என்ற பெயரைக் ‘கருணையன்’ என்றாக்கினார். வேற்றுநாட்டிற் பிறந்து தமிழைக் கற்ற ஒருவர், வேற்றுநாட்டுப் பெயருக்குள் இருந்த பொருளைத் தோண்டியெடுத்துத் தமிழ்ச்சொல்லிற் பதித்துவைத்தார். கத்தோலிக்க மரபினுள்ளேயே இத்துணை உயர்ந்த முன்மாதிரி இருந்தும், அம்மரபின்வழி வந்த கதைநூல் அதனைப் பின்பற்றாமை வருந்தத்தக்கதே.

முன்னர்க் கூறிய ‘காவலப்பன் கதை’யும் இங்கு நோக்கத்தக்கது. அன்னா மோர் என்னும் ஆங்கில அம்மையார் எழுதிய உருவகக் கதையின் தமிழாக்கம் அது. மூலத்திலே கோட்டைவாயில் காப்போனின் பெயர், பகைவரோடு பேச்சுவார்த்தை நடத்துதலைக் குறிக்கும் சொல். வெளியே நிற்கும் கள்வனோடு பேசிப்பேசி இணங்கி ஈற்றிற் கதவைத் திறந்துவிடும் அவனுக்கு அப்பெயரே அவன் குற்றம். ‘காவலப்பன்’ என்ற தமிழ்ப்பெயர் அவனது தொழிலைக் காட்டுகின்றது, குற்றத்தைக் காட்டவில்லை. பாதி போயிற்று, பாதி நின்றது. ஆயினும், வாயிற்காவலன் என்றளவிலாவது வாசகன் அவனை அறிந்துகொள்கின்றான். முப்பத்தைந்து ஆண்டுகளின் பின்வந்த ஊசோனுக்கு அப்பாதியும் இல்லை.

தழுவலிலே துணிந்து முன்சென்றார் மறைமலையடிகள். ஆங்கிலத்தில் ரெயினால்ட்சு எழுதிய நாவலொன்றைத் தழுவி 1911இல் அவர் ஆக்கிய ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’யில், தலைவிக்குத் தமிழ்ப்பெயரே சூட்டினார். அயல்நாட்டு மணம் முழுதும் நீங்கிவிடுகின்றதே என்று இம்முறையைக் குறைகூறலாம். ஆயினும், பெயர் வாசகனோடு பேசுகின்றது என்பதை மறுத்தல் இயலாது.

இவ்விரண்டு எல்லைகளுக்கும் நடுவே செல்லும் செம்மையான வழியை நமக்குக் காட்டியவர், திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராய் வீற்றிருந்த சுவாமி விபுலாநந்தரே. 1926இல் நூலாக வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யிலே சேக்சுபியரின் பன்னிரு நாடகங்களை ஆராய்ந்த அடிகளார், அப்புலவர்பெருமானைச் ‘செகசிற்பியார்’ என்று தமிழில் அழைத்தார். ஒலி ஏறத்தாழ மூலத்தின் ஒலியே. பொருளோ உலகைச் சொல்லாற் செதுக்கிய சிற்பி என்பது. ஒலியும் பொருளும் ஒருங்கே அமையும் இத்தகைய பெயர் எளிதிற் கிட்டுவதன்று. மூலமொழியையும் தமிழையும் ஒருசேர நினைந்து, இரண்டும் சந்திக்கும் இடத்தைத் தேடிக் காத்திருப்பவர்க்கே அது கிட்டும்.

இவ்வழியிற் சென்றிருந்தால் நமது இரட்டையருக்கு என்ன பெயர்கள் வாய்த்திருக்கும் என்று எண்ணிப்பார்த்தல் மாணவர்க்கு நல்ல பயிற்சியாகும். கரடியைத் தமிழ்ச் சான்றோர் எண்கு என்றும் உளியம் என்றும் வழங்கினர். சாம்பவானின் படையைப் பாடுங்காற் கம்பரும் எண்கு என்ற சொல்லை ஆள்வர். ஆகவே, கரடிமகனை ‘எண்கன்’ என்னலாம். வாலந்தீனுக்கோ தேடவேண்டியதே இல்லை. வலிமைக்கும் வெற்றிக்கும் தமிழில் ‘வலன்’ என்ற சொல் உண்டு. இலத்தீனச் சொல்லின் பொருளும் ஏறத்தாழ அதன் ஒலியும் அதில் உள்ளன. தேம்பாவணியின் வளனுக்கு அது தம்பியென்று சொல்லத்தக்கது. ‘வலனும் எண்கனும்’ என்று தலைப்பிட்டிருந்தால், நூலைக் கையிலெடுத்த வாசகன் முதற்பக்கத்தைத் திருப்புமுன்னரே கதையின் வினாவை எதிர்கொண்டிருப்பான். வேட்டைக்காடும் அரண்மனையும் இருபுறமும் நிற்க, இடையில் மனிதன் நிற்பதைக் கண்டிருப்பான்.

ஒரு பெயரினால் ஒரு நாவல் கெட்டுவிடுமோ என்று சிலர் ஐயுறலாம். பெயரொன்றினால் மட்டும் கெடாது. பெயரிற் காணும் பழுது, பெயர்ப்பாளர் கதையை எவ்வாறு அணுகினார் என்பதற்கு அறிகுறி. ஓர்சன் என்பதன் பொருளை உணர்ந்தவர், கரடிப்பாலின் பொருளையும் உணர்வார். அதனை உணர்ந்தவர் பச்சை வீரன் போரைக் கதையின் நடுவில் நிறுத்தி, மற்றை அற்புதங்களைச் சுருக்குவார். நாவின் நரம்பு அறுபடும் இடத்திலே நின்று, பேச்சறியாதவன் முதன்முதற் பேசும்போது என்ன பேசுவான் என்று சிந்திப்பார். அந்தச் சிந்தனையே நாவலின் தொடக்கம். பொருளை உணராது சம்பவங்களை மட்டும் வரிசையாகக் கொண்டுவந்தால், அரக்கனும் பறக்கும் குதிரையும் போரும் மணமும் மிஞ்சும், அவை வியப்பூட்டும், வினவமாட்டா. இதனாலேயே ‘ஊசோன் பாலந்தை கதை’ நாவலாய் மலராது, அற்புதக் கதை என்ற வரிசையில் அமைந்துவிட்டது. தலைப்பிலுள்ள ‘கதை’ என்ற சொல்லே அதற்குப் பொருத்தமாயிற்று.

இவ்வாறு சொல்வதனால் இன்னாசித்தம்பி அவர்களின் தொண்டு சிறிதென்று கொள்ளற்க. 1891இல் உரைநடையில் நெடுங்கதை எழுதுதலே துணிவான செயல். செய்யுளே இலக்கியம் என்று கற்றோர் கருதிய காலம் அது. ஐரோப்பிய மொழிச் சொற்பிறப்பை ஆராய்தற்குரிய அகராதிகள் நம்மூரில் எளிதிற் கிடைத்திரா. பிரான்சிலே பிறந்து, மொழிமாறி, வாய்மாறி, கடல்கடந்து வந்த கதை அவர் கைக்கு எட்டுமுன்னரே பல பழுதுகளை ஏற்றிருக்கலாம். ஆங்கிலத்திலும் ஓர்சன் என்ற பெயர் கரடியைத் தானாகக் காட்டுவதன்று என்பதையும் நாம் மறத்தலாகாது. குறை அவர் ஒருவருடையதன்று, வழி நெடியது. எனினும், அவர் திறந்த வாயிலாலேயே பின்னையோர் புகுந்தனர்.

அங்ஙனம் புகுந்தவருள் தலையாயவர் சரவணமுத்துப்பிள்ளை. தி. த. கனகசுந்தரம்பிள்ளையின் தம்பியாகிய அவர், சென்னையில் நூலகப் பணியிலிருந்தவர். 1895இல் ‘மோகனாங்கி’யை எழுதப்புகுந்தபோது அவர் கடல்கடந்த கதையை நாடவில்லை. நாயக்க மன்னர் வரலாற்றிலிருந்து சொக்கநாதனையும் மோகனாங்கியையும் எடுத்துக்கொண்டார். அந்நூலிற் பெயர்கள் வாசகனுக்கு அயலன்று, இடங்கள் அயலன்று, சொல்லவேண்டிய கருத்துக்கும் சொல்லும் மொழிக்கும் இடையே திரையில்லை. நாவல் என்ற வடிவத்தை மேனாட்டிலிருந்து பெற்றார். உள்ளீட்டைத் தமிழிலிருந்து எடுத்தார். வடிவத்தைப் பெயர்த்தார் என்று சொல்லலாம். பெயர்த்த சுவடு தெரியாதவாறு பெயர்த்தார். பின்னாளில் அது சுருக்கப்பட்டுப் பாடநூலாகவும் வழங்கியது. ஓரூரில் நான்காண்டு இடைவெளியில் எழுந்த இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துநோக்கின், பெயர்ப்பு என்பது யாது, தன்வயமாக்கல் என்பது யாது என்று எந்த ஆசிரியரும் வகுப்பறையில் எளிதில் விளக்கிவிடலாம்.

இவ்வாராய்ச்சி பழங்கதையோடு முடிவதன்று. மும்மொழியும் வழங்கும் நாட்டில் நாம் வாழ்கின்றோம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின் வழித் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அதன்பின் அறிவித்தலும் படிவமும் பலகையும் நாள்தோறும் தமிழிற் பெயர்க்கப்படுகின்றன. அவற்றுட் பல, ஒலியை மட்டும் ஏற்றி வந்த ஊசோன்களாகவே உள்ளன என்பதைத் தெருவில் நடப்போர் அறிவர். இற்றைநாளிற் கைப்பேசியிலும் கணினியிலும் நொடிப்பொழுதிற் பெயர்ப்புக் கிடைக்கின்றது. ஊர்ப்பெயரைச் சொல்லென்று கருதி மொழிபெயர்த்தும், பொருளுடைய சொல்லைப் பெயரென்று கருதி ஒலிபெயர்த்தும் தரும் பொறியின் பிழை, இன்னாசித்தம்பி அவர்களின் பிழைக்கு உறவினதே. விரைவு கூடியிருக்கின்றது, வினா மாறவில்லை. இச்சொல் இங்கே என்ன பணி செய்கின்றது என்று நின்று கேட்கும் ஒருவர் இன்றும் தேவைப்படுகின்றார்.

பெயர்ப்புத் துறையிற் புகவிரும்பும் மாணவர் மூன்று செய்திகளை நினைவிற் கொள்வாராக. மூலத்தின் உயிர்ச்சொல் எதுவென்று முதலிற் கண்டறிக. அச்சொல்லை ஒலியாற் கொண்டுவருவதா, பொருளாற் கொண்டுவருவதா, கதைக்குள்ளேயே விளக்குவதா என்று பின்னர்த் துணிக. துணிந்தபின், ஆக்கிய தமிழ்ச்சொல்லை வாய்விட்டுச் சொல்லி, மூலமறியாத ஒருவர் செவிக்கு அது யாது சொல்கின்றதென்று கேட்டறிக. இம்மூன்றையும் செய்தவர் கையிற் பாலந்தை தந்தையாகமாட்டான்.

பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. நம்மூர் முன்னோடிகள் இருவரின் நூல்களையும் கல்லூரி நூலகத்திற் சேர்த்துவைத்து மாணவர் கையிற் கொடுத்தல் நம் கடன். குறையுடைய நூலென்று முன்னதை ஒதுக்கற்க. நிறைவான நூலிலிருந்து எவ்வாறு எழுதுவதென்று கற்கின்றோம். குறைபட்ட நூலிலிருந்து எங்கே விழிப்பாயிருப்பதென்று கற்கின்றோம். மூலக்கதையிலே பேச்சற்று நின்ற காட்டுமனிதனுக்கு, அவனுடைய நாவின் நரம்பை அறியத்தக்கார் அறிந்து நீக்கியபோது பேச்சு வந்தது. 1891இல் நமது துறைமுகத்துக்கு வந்த ஊசோன் இன்னும் தன் பெயரின் பொருளைத் தமிழிற் சொல்லவில்லை. அவனுக்குப் பேச்சுத் தரவல்ல பெயர்ப்பாளர் ஒருவர் இன்று நம் வகுப்பறைகளிற் கற்றுக்கொண்டிருக்கலாம். அவரை இனங்கண்டு ஊக்குதலினும் கல்லூரியின் நிறைவாண்டு விழாவுக்குச் சிறந்த பணி வேறில்லை.